சத்தத்துக்கு ஒரு குமிழ், கிழிசலுக்கு ஒரு குமிழ்

நீண்ட இழை. டீ ஒண்ணு போட்டு வெச்சுக்கிட்டுப் படிங்க.

ஆடி மாசம். கலசப்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் கூழ் ஊத்துறாங்க. செய்யாற்றுக்கு இந்தக் கரையில் ஒரு மைக் செட், அந்தக் கரையில் ஒரு மைக் செட். ராத்திரி 11 மணிக்கு ரெண்டும் மோதிக்கொள்வது ஜவ்வாது மலை அடிவாரம் வரைக்கும் கேட்கிறது.

போன வாரம் ஒரு ஊரில் மைக் செட்காரரிடம் பேசினேன். நல்ல மனிதர். என்னிடம் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குபவர். "அண்ணே, கொஞ்சம் குறைங்க, பாட்டே புரியலையே" என்றேன். அவர் சொன்ன பதில் இது: "சத்தம் கிழியணும் சார். கிழிஞ்சாத்தான் பவரு. இல்லன்னா மைக் செட் வெச்சதே தெரியாது."

இதை எழுதியபோது இசை தெரிந்த ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர், ராக் இசையில் கிழிசல்தானே அழகு? ஃபஸ் பெடல் என்று ஒரு பெட்டியே இருக்கு தெரியுமா? காசு கொடுத்து வாங்கிக் கிழிக்கிறாங்க. நம்ம ஊர் கோன் ஸ்பீக்கர் கிழிஞ்சா மட்டும் உங்களுக்கு வியாதியா?"

நல்ல கேள்வி. மைக் செட்காரர் சொன்னதையும் இந்தத் தம்பி சொன்னதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரே தப்பு தெரியும். இரண்டு பேருமே கிழிசலையும் சத்தத்தையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். இல்லை. அதை நிரூபிக்க ஃபஸ் பெடலைவிட நல்ல சாட்சி கிடையாது. அதனால் அந்தப் பெட்டியையே கூண்டில் ஏற்றுவோம்.

முதலில் ஒரு வாக்குமூலம். மருத்துவக் கல்லூரியில் படித்தபோது எங்களுக்கு ஒரு இசைக்குழு இருந்தது. நான் கிட்டார். சுமார் ரகம். வெளிநாட்டு ஃபஸ் பெடல் வாங்க வசதி இல்லை. எலக்ட்ரானிக்ஸ் படித்த நண்பன் ஒருவன் சென்னை ரிச்சி தெருவில் பழைய ரேடியோ டிரான்சிஸ்டர்கள் வாங்கி வந்து ஒன்று செய்து கொடுத்தான். ஏசி 128 என்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1962இலேயே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் உற்பத்தியில் இறங்கிவிட்டது. உங்கள் தாத்தா வீட்டு மர்பி ரேடியோவில் செய்தி வாசித்ததும், லண்டனில் கிட்டாரை உறுமவைத்ததும் ஒரே சாதி டிரான்சிஸ்டர்தான்.

ஃபஸ் ஒலி பிறந்ததே ஒரு ரிப்பேரில்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், 1960இல் மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றைப் பதிவு செய்கிறார்கள். கிரேடி மார்ட்டின் என்பவர் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். அவர் ஒலி போன பலகையில் ஒரு சானல் பழுது. கிட்டார் சத்தம் கரகரவென்று, கிழிந்துபோய் வருகிறது. தூக்கிப் போட்டிருக்க வேண்டியது. அப்படியே விட்டார்கள், பாட்டு ஹிட். எல்லாரும் அந்தக் கரகரப்பைக் கேட்டுக்கொண்டு வர, ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அதை வேண்டுமென்றே செய்யும் ஒரு சர்க்யூட்டை இன்னொரு பொறியாளருடன் சேர்ந்து அமைத்தார். கிப்சன் நிறுவனம் 1962இல் அதை மேஸ்ட்ரோ எஃப்இசட்-1 என்று விற்றது. உள்ளே 3 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், 2 பேட்டரி, மொத்தம் 3 வோல்ட். டார்ச் லைட் அளவு மின்சாரம்! ஆரம்பத்தில் விலை போகவில்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டில் அதை மிதித்த பிறகுதான் ஓடியது.

அதற்கு ஒரு வருஷம் முன்னால் லண்டனில் டேவ் டேவிஸ் என்ற பையன் சவரக் கத்தியை எடுத்துத் தன் ஸ்பீக்கரின் காகிதத்தையே கிழித்துவிட்டு வாசித்தான். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் நிஜமாகவே கிழிச்சுட்டான்.

1966இல் ஐவர் ஆர்பிட்டர் கொண்டுவந்ததுதான் ஃபஸ் ஃபேஸ். வட்டமாக, சிரிக்கிற முகம் மாதிரி இருக்கும். அந்த வட்ட வடிவத்துக்கு மாதிரி எது தெரியுமா? மைக் ஸ்டாண்டின் அடிப்பாகம். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் காலடியில் கிடந்து புகழ்பெற்றது.

இதன் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பயப்படாதீங்க, இ.சி.ஜி. புரிந்தால் இதுவும் புரியும்.

தாழ்வாரத்தில் ஊஞ்சல் கட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஆடினால் அழகாகப் போய் அழகாக வரும். அதுதான் இயல்பான ஒலி அலை. வேகமாகத் தள்ளினால்? முன்னால் சுவர், பின்னால் சுவர். இடித்து நிற்கும், திரும்ப வரும், மறுபடி இடிக்கும். ஃபஸ் ஃபேஸில் சுவர் என்பது 9 வோல்ட் பேட்டரி. அலை அதைத் தாண்டி எழ முடியாது. கிட்டாரிலிருந்து வரும் மிகச் சிறிய சிக்னலை இரண்டு டிரான்சிஸ்டர்கள் நூற்றுக்கணக்கான மடங்கு தள்ளும்போது அலையின் உச்சி மொட்டையாகிறது. மலை போல இருந்தது மேஜை போல ஆகிவிடும்.

மொட்டையானால் என்ன? அங்கேதான் இசை. 1000 ஹெர்ட்ஸ் ஸ்வரம் ஒன்றின் மேலும் கீழும் சமமாக மொட்டையடித்தால், நீங்கள் வாசிக்காத 3000, 5000, 7000 ஹெர்ட்ஸ் ஒலிகள் தாமாக முளைக்கும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் வெட்டினால் 2000, 4000 போன்றவையும் சேரும். ஃபஸ் ஃபேஸில் இரண்டாவது டிரான்சிஸ்டரை 9 வோல்ட்டில் பாதி, நாலரை வோல்ட்டில் நிறுத்துவார்கள். முதலாவது அதைவிட மிகக் கீழே நிற்கும். அதனால் வெட்டு சமமாக விழுவதில்லை. அந்தக் கோணல்தான் அதன் குரல். 1969இல் மைக் மேத்யூஸ் கொண்டுவந்த பிக் மஃப் பெடலில் 4 டிரான்சிஸ்டர்களோடு டயோடு ஜோடிகள் சேர்ந்து இரு பக்கமும் சமமாக வெட்டும். அது வேறு குரல், வயலின் மாதிரி நீண்டு நிற்கும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்" என்று சொல்லாதீர்கள். தம்புராவைப் பாருங்கள். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு சின்ன நூல் வைப்பார்கள். ஜீவா என்று பெயர். நூலை நகர்த்திச் சரியான இடம் வந்ததும் தந்தி மொரமொரவென்று உயிர் பெறும். அதுவும் தந்தியின் ஊஞ்சலை லேசாக இடிக்கவைத்து மேல்ஒலிகளை எழுப்புகிற வேலைதான். கரகரப்பை அழகாக்கும் கலை நம் வீட்டிலும் உண்டு. எனக்குக் கிழிசல் மேல் கோபம் இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

ஃபஸ் ஃபேஸின் மேல் இரண்டு குமிழ் இருக்கும். ஒன்று ஃபஸ். இன்னொன்று வால்யூம். அலையை எவ்வளவு கிழிக்கவேண்டும் என்பது ஒன்று. கிழிந்ததை எவ்வளவு சத்தமாக வெளியே விடவேண்டும் என்பது வேறு. அதோடு முடியவில்லை. இரண்டாவது டிரான்சிஸ்டரில் 8200 ஓம், 470 ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர்களை வரிசையாக வைத்து, நடுவிலிருந்து ஒலியை எடுக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 470ஐ 8670ஆல் வகுத்தால் சுமார் இருபதில் ஒரு பங்கு. உள்ளே பல வோல்ட்டுக்கு ஆடி, சுவரில் மோதி, மொட்டையான அலையில் இருபதில் ஒரு பங்குதான் வெளியே வருகிறது. மீதியை அந்தச் சர்க்யூட்டே குப்பையில் போட்டுவிடுகிறது!

அதாவது, கிழிசலுக்குப் பேர்போன பெட்டியே, கிழித்த கையோடு சத்தத்தைக் குறைத்துத்தான் அனுப்புகிறது. கிழிசல் ஒரு நிறம். அது பலம் இல்லை.

நம் திருவிழா மைக் செட்டில்? பென் டிரைவ் ஒரு பக்கம், மைக் ஒரு பக்கம், இரண்டையும் முழுசாகத் திருகி ஆம்ப்ளிஃபயரில் விடுகிறோம். அது தன் சுவரில் முட்டுகிறது. அங்கே 9 வோல்ட் பேட்டரி இல்லை, 250 வாட். இருபதில் ஒரு பங்காகக் குறைக்க ஆளில்லை. மொட்டையான அலை முழுசாக, அப்படியே கூம்பு வழியாக, எதிர்வீட்டுத் தொட்டிலில் போய் விழுகிறது.

ஒரே உயரமுள்ள இயல்பான அலையையும் சதுர அலையையும் ஒப்பிட்டால், சதுர அலையில் சக்தி இரண்டு மடங்கு. இது பாடப்புத்தகக் கணக்கு. பாட்டில் இயல்பாக மேடும் பள்ளமும் இருக்கும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் காது மூச்சு விடும். கிழிந்த ஒலியில் பள்ளமெல்லாம் மேடாகிறது. காதுக்கு ஓய்வே இல்லை.

அடுத்து, முளைத்த அந்த 3000, 5000 ஹெர்ட்ஸ். நம் காதுக்குழாயின் நீளமும் வடிவமும் 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைத் தாமாகப் பெருக்கும் அமைப்பு. குழந்தை அழுகை நமக்குச் சுருக்கென்று குத்துவதில் அதற்கும் பங்குண்டு. கூம்பு ஒலிபெருக்கியும் அடிநாதத்தை விட்டுவிட்டு இதே நடுப்பகுதியைத்தான் தூக்கிக் கொடுக்கும். ஆக, ஆம்ப்ளிஃபயர் முளைக்கவைக்கிறது, கூம்பு தூக்குகிறது, காதுக்குழாய் இன்னும் பெருக்குகிறது. அதிக சத்தத்தால் காது கெட்டவரின் பரிசோதனைப் படத்தில் முதல் பள்ளம் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் விழுவது எந்தக் காது மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார்.

அந்தப் பள்ளத்தை இந்த வருஷம் ஒரு பையனிடம் பார்த்தேன். 22 வயசு. மைக் செட் வேலை. புளியமரத்தில் ஏறிக் கூம்பு கட்டுவான், ராத்திரி முழுக்க ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பான். "மிஷினு ஆஃப் பண்ண பிறகும் விசில் நிக்கல சார்" என்று வந்தான். மூணு மாசமாக நிற்கவில்லையாம். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி சோதனை செய்து வரச் சொன்னேன். இரண்டு காதிலும் 4000இல் பள்ளம், வலது காதில் ஆழம் அதிகம். இனி அது நிரம்பாது.

ஏன் நிரம்பாது என்று கேட்டால், நான் உங்களுக்கு ஒரு ஆச்சரியத்தைச் சொல்லியாக வேண்டும். நம் காதே ஒரு ஃபஸ் பெடல்.

உள்காதின் நத்தைக் கூட்டில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள். அதில் வெளிவரிசைச் செல்கள் வெறுமனே கேட்பவை அல்ல. அவை நீண்டு சுருங்கி, மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுக்கின்றன. பெரிய ஒலிக்குப் பெருக்கத்தைக் குறைத்துக்கொள்கின்றன. இப்படி வளைந்து கொடுக்கும் எந்தப் பெருக்கியும் புது ஒலிகளைப் பிறப்பிக்கும். ஆரோக்கியமான காதில் 2000, 2400 ஹெர்ட்ஸ் ஒலிகளைச் சேர்த்து விட்டால், காது தானாக 1600 ஹெர்ட்ஸில் ஒரு மூன்றாவது ஒலியை உண்டாக்கி வெளியே அனுப்பும். நுண்ணிய மைக் வைத்தால் பதிவாகும். காது ஒலி எழுப்புகிறது என்பதை 1978இல் டேவிட் கெம்ப் நிரூபித்தார். பிறந்த குழந்தையின் காதில் சின்ன முனையை வைத்து நாங்கள் செய்யும் சோதனை இதை வைத்துத்தான். பாப்பா பேசவேண்டாம், தலையாட்டவேண்டாம். அந்த மூன்றாவது ஒலி வந்தால் பெருக்கிச் செல்கள் வேலை செய்கின்றன என்று அர்த்தம். வரவில்லை என்றால் அடுத்த கட்டச் சோதனைக்கு அனுப்புவோம்.

அந்தச் செல்கள்தான் அதிக சத்தத்தில் முதலில் சாகின்றன. மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதில்லை. பல்லாவது ஒருமுறை விழுந்து முளைக்கும்.

அந்தப் பையனின் காதில் 4000 பக்கம் அந்த மூன்றாவது ஒலி எழவில்லை. வெளியே செயற்கைக் கிழிசலைக் கேட்டுக் கேட்டு, உள்ளே இயற்கை கொடுத்த கிழிசல் நின்றுபோச்சு.

"அந்தக் காலத்துல கோன் ஸ்பீக்கர் பாட்டு கேட்டுத்தானே வளர்ந்தோம், காது கெட்டா போச்சு?" இதைச் சொல்லாத பெரியவர் இல்லை. ஃபஸ் பெடல் பைத்தியங்களும் இதே மாதிரி ஒன்று சொல்வார்கள்: பழைய ஜெர்மானியம் பெடல் மாதிரி வராது, அதில் மந்திரம் இருக்கு என்று. மந்திரமெல்லாம் இல்லை. ஒரே பெயர் அச்சடித்த இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களின் பெருக்கும் திறன் ஒன்றுக்கொன்று ரொம்பவே மாறும். அந்தக் காலத்தில் கைக்கு வந்ததைப் போட்டு ஒட்டினார்கள். நன்றாக ஒலித்தவை பத்திரமாக இருக்கின்றன, மட்டமானவை குப்பைக்குப் போயின. மிச்சம் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டுப் பழசெல்லாம் பொன் என்கிறோம். எங்க தாத்தா பீடி குடிச்சே 90 வருஷம் இருந்தார் என்பதும் இதே கணக்குத்தான். பீடி குடித்து 50இல் போன தாத்தாக்கள் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வதில்லை.

அதுவும் போக ஜெர்மானியத்துக்கு நம்ம ஊர் வெயில் ஆகாது. சூடு 10 டிகிரி ஏறினால் அதன் கசிவு மின்னோட்டம் சுமார் இரண்டு மடங்காகும். நாலரை வோல்ட்டில் நிற்கவேண்டியது நகர்ந்துவிடும். எங்கள் பெடல் மே மாசப் பகல் ஒத்திகையில் தும்மும். ராத்திரி நிகழ்ச்சியில் சொர்க்கம். கடைசியில் அதை ஐஸ் பெட்டியில் சோடா பாட்டில்களோடு வைத்து மேடைக்கு எடுத்துப்போனோம். இதுதான் அந்த மந்திரம்.

கூம்பு ஒலிபெருக்கிக்கு வருவோம். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்காக அரசு வருஷத்தில் 15 நாள் வரைக்கும் நள்ளிரவு 12 மணி வரை தளர்வு தரலாம், அவ்வளவுதான். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. போன வாரம் கூம்புக்குக் கீழே நின்று என் செல்போன் செயலியில் பார்த்தேன்: 104. செயலி துல்லியம் இல்லை, நாலு குறைத்து 100 என்றே வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் அளவுப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் வேலை செய்யலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100இல் எவ்வளவு? 15 நிமிஷம். அந்தப் பையன் அங்கே மூன்று ராத்திரி படுத்துக் கிடக்கிறான்.

ஆனால் நான் போலீஸைக் கூப்பிடச் சொல்லி இதை எழுதவில்லை. சாமி கும்பிடுகிற ஊரில் பாட்டு வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. பாட்டு கேட்கட்டும் என்றுதான் சொல்கிறேன். கிழிந்த ஆம்ப்ளிஃபயரில் அம்மன் பாட்டும் உடுக்கையும் பம்பையும் சேர்ந்து போனால், அவை ஒன்றோடொன்று மோதி, யாரும் பாடாத ஒலிகள் நூறு பிறக்கும். கிட்டார்காரர்கள் ஃபஸ் போட்டுக்கொண்டு முழு கார்டு வாசிக்கத் தயங்குவது இதனால்தான், சேறாகிவிடும். நம் ஆள் என்ன செய்கிறார்? பாட்டு புரியவில்லை என்று இன்னும் ஏற்றுகிறார்.

ஃபஸ் ஃபேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். பெடலில் கை வைக்கவேண்டாம். கிட்டாரின் குமிழை ஒரு துளி குறைத்தால் போதும், கிழிசல் விலகி ஒலி கண்ணாடி மாதிரி தெளியும். மைக் செட்டுக்கும் அதேதான். மாஸ்டர் குமிழை மட்டும் குறைத்தால், முன்னாலேயே கிழிந்தது கிழிந்தபடியேதான் வரும். பென் டிரைவ், மைக் குமிழ்களைக் கால் சுற்று பின்னால் திருப்புங்கள். அலை சுவரில் இடிக்காது. சொல் புரியும். தூரம் போகவேண்டுமென்றால் ஒரே கூம்பைக் கதறவைக்காமல் சின்ன ஸ்பீக்கர் பெட்டிகளைத் தெருத்தெருவாகக் கேட்பவர் பக்கத்தில் வையுங்கள். மைக் செட்காரருக்கும் லாபம்: சீசனுக்கு சீசன் யூனிட் எரிந்து காயில் மாற்றுவது இந்தக் கிழிசலால்தான் பெரும்பாலும்.

இதையெல்லாம் அந்த மனிதரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அவர் ஆம்ப்ளிஃபயரில் அலை முட்டும்போது எரியும் சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. எங்கே என்று தேடினேன். மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது.

"ஏண்ணே இது?"

"எப்பவும் எரிஞ்சுக்கினே கீது சார். பாக்கிறவங்க கரண்டு லீக்குன்னு பயப்படுறாங்க."

டேப்பை உரித்துக் கையில் கொடுத்தேன். அந்த விளக்கு அணைகிற வரைக்கும் மைக் குமிழை அவரையே திருப்பச் சொன்னேன். கால் சுற்றுக்கும் கொஞ்சம் கூட. எதிர்த் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி தலையைத் தூக்கி, "இப்பத்தான்டா பாட்டு கேக்குது" என்றாள்.

அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "விழாக் கமிட்டி என்ன சொல்வாங்களோ சார்" என்றார். அடுத்த வெள்ளி பக்கத்து ஊரில் அவர் செட்தான். காது கெட்ட பையனும் அங்கேதான் வேலைக்குப் போகிறான், வேற வேலை கிடைக்கவில்லை. காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் போய் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.